பாட்டு முடிந்த இடத்தில் ஒரு பெயர்

கிங்ஸ்டனில் எழுபதுகளில் அச்சான இசைத்தட்டு கையில் கிடைத்தால் வெயிலில் சாய்த்துப் பாருங்கள். பாட்டு முடியும் இடத்துக்கும் நடுக் காகிதத்துக்கும் இடையில் ஊசியால் கீறிய எண் தெரியும். ஏழின் இடுப்பில் குறுக்குக் கோடு இருந்தால் அது இசில்டா பின்னாக்கின் கை. எங்கள் அச்சுக்கூடத்தில் பதினொரு வருடம் அடையாள எண் கீறியது அவள்தான். நான் தட்டு அழுத்தும் எந்திரத்தில் நின்றேன்.

அவள் தம்பி லின்வல் ஒரு பாட்டு எழுதிப் பாடினான். அதைத் தட்டாக வெளியிட்ட தயாரிப்பாளன் பன்டிங், எழுதியவர் என்று தன் பெயரையே போட்டுக்கொண்டான். வெட்கங்கெட்ட பயல். நியாயம் கேட்கப் போன லின்வலின் வயிற்றில், பட்டப்பகலில் சந்தை முனையில், பன்டிங்கின் ஆட்கள் கத்தியை இறக்கினார்கள்.

அடக்கம் முடிந்த மறுநாள் அதே பாட்டின் மூலத்தட்டு எங்களிடம் வந்தது. இசில்டா எண்ணைக் கீறினாள். பக்கத்தில் 'எழுதியது லின்வல் பின்னாக்' என்றும் கீறினாள். மூலத்தட்டில் கீறியது அழுத்தும் தட்டிலெல்லாம் விழும். நான் பார்க்காததுபோல் ஐந்நூறு தட்டு அழுத்தினேன்.

நடனக் கூடத்தில் தட்டுப் போடும் போட்டிக்காரன் பெயரைப் படித்துப் பாட்டை அடையாளம் கண்டுவிடக் கூடாதென்று நடுக் காகிதத்தைச் சுரண்டி எடுப்பது இங்கே வழக்கம். பன்டிங்கின் ஆள் ஒருவன் அப்படிச் சுரண்டும்போதுதான் அந்தப் பெயர் கண்ணில் பட்டது. பன்டிங்கும் ஆட்களும் சுத்தியலோடு அச்சுக்கூடத்துக்கு வந்தார்கள்.

"எந்தக் கைடி கீறுச்சு?" என்றான் பன்டிங்.

"உன் பேரை எழுதாத கை."

மேசைமேல் அவள் வலக்கையை அமுக்கி விரல் விரலாக நசுக்கினான். எலும்பு நொறுங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. ஒரு அடி எடுத்து வைக்கவில்லை நான். தூ, நானும் ஒரு ஆம்பிளை. பிறகு அவர்கள் கடை கடையாகப் போய்த் தட்டுகளை உடைத்தார்கள், தடுத்தவர்களின் மண்டையையும் சேர்த்து. என் சட்டைக்குள் இருந்த ஒன்று மட்டும் தப்பியது.

அதை எடுத்துக்கொண்டு இருவரும் பாட்டுரிமை பதியும் அலுவலகத்துக்குப் போனோம்.

"இதை யார் வேணா கீறலாம்மா. எழுதிக் காட்டு, ஒப்பிட்டுப் பாக்கறேன்" என்றார் அதிகாரி.

இசில்டா கட்டுப்போட்ட கையை அவர் மேசைமேல் வைத்தாள்.

"பன்டிங் பதிவுக்குக் கொடுத்த தட்டெல்லாம் இங்கதானே சார் இருக்கு? எடுத்துப் பாருங்க."

அவர் அலமாரியைத் திறந்தார். ஒவ்வொன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பினார். கண்ட ஏழிலெல்லாம், நாங்கள் கொண்டுபோன தட்டில் இருந்த அதே குறுக்குக் கோடு. பன்டிங்கின் பன்னிரண்டு தட்டும் அவனுக்கு எதிராகச் சாட்சி சொல்லின.

"சரி, எழுதினவர் கையெழுத்து வேணும். அவரை வரச் சொல்லு."

"கல்லறையில கிடக்கான் சார். கல்லுல அவன் பேரை நானே வெட்டணும்னு இருந்தேன். இப்பக் கை இல்ல. நீங்களாவது எழுதுங்க."

அவர் பேனாவைத் திறந்து பதிவேட்டில் லின்வலின் பெயரை எழுதினார்.