ஜெபமாலையில் ஜெனிவீவ் சொன்ன கருத்து

சிங்கப்பூரின் பூன் லே வட்டாரத்தில் ஜெனிவீவைத் தெரியாதவர் ஒருவர் உண்டென்றால் அவர் போன வாரம்தான் குடிவந்திருக்க வேண்டும். பதினெட்டு வருடம் பலதுறை மருந்தகத்தில் தாதியாக இருந்தவள். ஊசி போட்டோமா, அடுத்த ஆளைக் கூப்பிட்டோமா என்று போகிற தாதி இல்லை. நரம்பு கிடைக்காமல் நாலு பேர் குத்திப் பார்த்துக் கைவிட்ட கையில், பேசிக்கொண்டே ஒரே குத்தில் இரத்தம் எடுத்துவிடுவாள். அவள் அப்பா ஜூரோங் சதுப்பில் மண்ணடித்து மேடாக்கிய கூட்டத்தில் ஒருவர். மகள் அந்த மேட்டில் நின்று பட்டம் வாங்கினாள். யாரும் கைதூக்கிவிட்டு ஏறவில்லை, தானே ஏறியது. இதை வாய்நிறையச் சொல்லிக்கொள்வதில் வெட்கம் என்ன இருக்கிறது?

அப்படிப்பட்டவள் நாற்பத்திரண்டாவது வயதில் மறுபடியும் புத்தகப் பையைத் தூக்கினாள். மருந்தக வேலையை விட்டு இளையர் நிலையம் ஒன்றில் சேர்ந்தாள். கையோடு, பதின்ம வயதுப் பிள்ளைகளின் நலத்துக்காக வேலை பார்க்கிறவர்களுக்கென்றே நடக்கும் பட்ட மேற்படிப்பிலும் பெயர் கொடுத்தாள். ஏன் இந்த வேண்டாத வேலை என்று கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான்.

"வயித்துவலின்னு கிளினிக்குக்கு வர்ற பிள்ளைங்கள்ல பாதிப் பேருக்கு வயித்துல ஒண்ணுமே இருக்காது. வலி வேற எங்கயோ இருக்கும். எங்கன்னு கேக்க எனக்குத் தெரியல. அதைத்தான் படிக்கப் போறேன்."

வாரத்தில் இரண்டு மாலை வகுப்பு. பள்ளி ஆலோசகர், நன்னடத்தை அதிகாரி, சிறுவர் இல்லத்துக் காப்பாளர் என்று எல்லாரும் நாள் முழுக்க உழைத்துக் களைத்து வந்து உட்கார்ந்திருப்பார்கள். திரும்பும்போது ரயிலில் ஜெனிவீவ் உறங்கிவிடுவாள். ஒருநாள் பூன் லேயைக் கோட்டைவிட்டு, தடத்தின் கடைசியான துவாஸ் வரைக்கும் போய்த்தான் கண் விழித்தாள். அங்கே கப்பல் பட்டறையில் வேலை முடிந்து ரயிலேற வந்த அவள் கணவன் ஆர்னால்ட், பெட்டிக்குள் மனைவியைப் பார்த்துத் திகைத்துப் போனான்.

"என்னைக் கூட்டிட்டுப் போகவா வந்த? இருபது வருஷத்துல இப்பத்தான் தோணிச்சா?"

"வாயை மூடிட்டு உக்காருங்க. நாளைக்கு எனக்குப் பரீட்சை."

வகுப்பில் அவளுக்கு முதலில் உறைத்தது தன் பழைய பழக்கம்தான். பிள்ளை முன்னால் உட்கார்ந்திருக்க, அதன் தலைக்கு மேலே அம்மாவிடமே பேசிப் பேசி அவள் பதினெட்டு வருடம் ஓட்டியிருந்தாள். முனைவர் சிவகாமசுந்தரி, அதிர்ந்து பேசாத ஆசிரியை, திரும்பத் திரும்பச் சொல்வது இரண்டே விஷயம். பிள்ளையைத் தனியாகப் பார்த்துக் கேளுங்கள். கேட்டதை வெளியே விடாதீர்கள். உயிருக்கு ஆபத்து என்றால் மட்டும், அதையும் பிள்ளையிடம் சொல்லிவிட்டு, சொல்ல வேண்டியவரிடம் சொல்லுங்கள்.

களப்பயிற்சிக் காலத்தில்தான் மிரண்டா வந்தாள். ஜெனிவீவின் அடுக்குமாடி புளோக்கிலேயே மூன்று மாடி கீழே இருப்பவள். பதினைந்து வயது, உயர்நிலை மூன்று படிக்கிறாள். அவள் அம்மா ஃபிலோமினாவின் கைமணம் கோவில் முழுக்கப் பிரசித்தம். மகளுக்குத் தினமும் மூன்றடுக்கு டிபன் கட்டிக் கொடுப்பதும் பிரசித்தம். அந்த மிரண்டா ஒரு புதன்கிழமை இளையர் நிலையத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். சட்டை தோளில் நிற்காமல் வழுக்கியது.

தெரிந்த வீட்டுப் பிள்ளை என்றால் வேறு ஊழியரிடம் அனுப்ப வேண்டும் என்பது வகுப்பில் சொன்னதுதான். ஆனால் வாசல்வரை வந்த பிள்ளையை, "நீ அந்த மேசைக்குப் போம்மா" என்று சொல்ல நம் சனத்துக்கு வாய் வருமா? ஜெனிவீவுக்கும் வரவில்லை.

"அம்மாகிட்ட சொல்லமாட்டீங்கல்ல ஆண்ட்டி?"

"உனக்கு ஆபத்துன்னா தவிர சொல்லமாட்டேன். அப்பவும் உன்கிட்ட சொல்லிட்டுத்தான்."

மூன்று புதன்கிழமைகள் ஆயின, விஷயம் வெளியே வர. டிபனில் பாதி தோழிகளுக்கு, மீதி குப்பைத் தொட்டிக்கு. வீட்டில் ஃபிலோமினா பக்கத்திலேயே நின்றால் சாப்பிடுகிறாள், பிறகு குளியலறையில் போய் அதை வெளியே கொண்டுவந்துவிடுகிறாள். சோற்றைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கிறது என்றாள். ஜெனிவீவ் அறிவுரை ஒன்றும் சொல்லவில்லை. படிப்பு கற்றுக்கொடுத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் மிரண்டாவே, அடுத்த செவ்வாய்க்கிழமை டாக்டரைப் பார்க்கச் சம்மதித்தாள். டாக்டரைப் பார்த்த கையோடு அம்மாவிடம் தானே சொல்வதாகவும், பக்கத்தில் ஆண்ட்டி இருந்தால் போதும் என்றும் சொன்னாள்.

அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஜெபமாலை. அக்டோபர் பிறந்துவிட்டால் அந்த வட்டாரத்துக் கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களில் வீட்டுக்கு வீடு ஜெபமாலை சுற்றும். பத்து மணி உருட்டும் ஒவ்வொரு சுற்றுக்கு முன்னாலும் ஒருவர், எதற்காக வேண்டுகிறோம் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அதற்குத்தான் கருத்து என்று பெயர். மூட்டுவலி, வேலை, மகனுக்குப் பெண், எல்லாம் அங்கே சபைக்கு வந்துவிடும். அன்றைக்கு இடம் அல்போன்சம்மாள் வீடு. எழுபது வயதிலும் மைக் இல்லாமலே கோவிலின் கடைசிப் பெஞ்சுவரை கேட்கும் குரல் அந்தம்மாளுக்கு.

நான்காவது சுற்று ஜெனிவீவின் முறை. அவள் மனம் முழுக்கச் செவ்வாய்க்கிழமைதான் இருந்தது. பெயரைச் சொல்லக்கூடாது, அது நினைவிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு, "சாப்பாட்டைப் பார்த்தாலே பயப்படுற ஒரு பெண்பிள்ளைக்காக, மாதாவே" என்றாள்.

சுற்றி முழந்தாளிட்டிருந்தது ஆறு குடும்பம். அந்த ஆறு குடும்பத்திலும் வளர்ந்த பெண்பிள்ளை என்று இருந்தது ஒன்றே ஒன்று.

"யாரு, நம்ம மிரண்டாவா?" என்றார் அல்போன்சம்மாள், இரக்கத்தோடுதான். "அதான் பிள்ளை கொடிக்கம்பி மாதிரி ஆயிட்டா. ஏண்டி ஃபிலோ, நீ பாக்கலயா?"

ஃபிலோமினாவின் விரலில் மணி நின்றுபோயிற்று. ஜெனிவீவ் கண்ணைத் திறந்தபோது, கதவோரம் இருந்த மிரண்டா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு வெறுங்காலோடு மின்தூக்கியை நோக்கி நடந்துவிட்டாள்.

அன்றிரவு ஜெனிவீவ் மிரண்டாவுக்கு அனுப்பிய தகவலுக்குப் பதில் இல்லை. மறுநாள் காலையில் மின்தூக்கிக்குள் ஃபிலோமினா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். செவ்வாய்க்கிழமைக்கு இருந்தது மூன்றே நாள்.

சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் ஜெனிவீவ் ஆசிரியையிடம் போய் நடந்ததைச் சொன்னாள். சொல்லாமலும் விட்டிருக்கலாம், யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் அவள் அந்த ரகம் இல்லை.

"பேரைச் சொல்லல மேடம்."

"பேரைத்தான் மறைச்சீங்க ஜெனிவீவ், ஆளை மறைக்கலையே. ஆயிரம் பேர் இருக்கிற மண்டபத்துல அது சரி. ஆறு குடும்பத்துக்குள்ள?"

"அந்தப் பிள்ளை செவ்வாய்க்கிழமை வரமாட்டா மேடம். என்னாலதான்."

"உங்ககூட வரமாட்டா. வேற ஆளோட வரலாம்ல? அவளை அவங்ககிட்ட ஒப்படைச்சிடுங்க. களப்பயிற்சியை நீங்க அடுத்த பருவத்துல முதல்லேர்ந்து செய்யணும். அது தண்டனை இல்ல."

தண்டனை இல்லை என்றாலும் சுட்டது. ஒரே குத்தில் நரம்பு பிடிக்கிறவளுக்கு, முதலிலிருந்து ஆரம்பி என்றால் சுடத்தானே செய்யும்? ரயிலில் அன்று அவளுக்கு உறக்கம் வரவில்லை. பூன் லேயில் ஒழுங்காக இறங்கினாள். இறங்கியதும் இளையர் நிலையத்தில் உடன் வேலை பார்க்கும் அஃப்ரீனைக் கைபேசியில் கூப்பிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்தால் பாதிக் கோவில் சிராங்கூன் சாலைக்குச் சாப்பிடப் போகும். தீபாவளி விளக்கு வளைவுகள் பகலில் வெறும் கம்பியும் காகிதமுமாகத் தலைக்கு மேலே தொங்கிக்கொண்டிருந்தன. வாழையிலைக் கடை ஒன்றின் உள்ளே ஃபிலோமினா குடும்பம் உட்கார்ந்திருந்தது. மிரண்டா மட்டும் வெளியே, கடைகளுக்கு முன்னால் ஓடும் ஐந்தடி நடையில், பூக்கடைக்குப் பக்கத்தில், தூணில் சாய்ந்து கைபேசியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஜெனிவீவ் இரண்டு முழம் தள்ளியே நின்றாள்.

"நான் செஞ்சது தப்பு மிரண்டா."

"நீங்க பேரு சொல்லலையே. அல்போன்சம்மாள் பாட்டிதான் சொன்னாங்க." குரலில் கிண்டல் இருந்தது.

"பாட்டி மேல தப்பு இல்ல. வாயைத் திறந்தது நான். உன் விஷயத்தை உன்னைக் கேக்காம சாமிகிட்டக்கூட சத்தமா சொல்லியிருக்கக் கூடாது."

மிரண்டா தலை நிமிரவில்லை. "அம்மா இப்ப என்ன பண்றாங்க தெரியுமா? பாத்ரூம் கதவுக்கு வெளியே ஸ்டூல் போட்டு உக்காந்திருக்காங்க. உள்ள நான் பல்லு தேய்க்கிற சத்தத்தையும் கேக்குறாங்க. ஹேப்பியா?"

ஜெனிவீவுக்கு அழுகை வந்தது. அழுதால் அந்தப் பிள்ளை இவளைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று விழுங்கிக்கொண்டாள்.

"செவ்வாய்க்கிழமை நான் வரல. அஃப்ரீன்னு ஒரு அக்கா வருவாங்க. தீவோட அந்தக் கோடி, பெடோக்ல இருக்காங்க. நம்ம கோவில் இல்ல, நம்ம புளோக் இல்ல, உங்க அம்மாவைத் தெரியாது, என்னோட ஜெபமாலைக்கும் வரமாட்டாங்க. நான் இனி உன்னைப் பத்தி அவங்ககிட்ட எதுவும் கேக்க முடியாது. கேக்கவும் மாட்டேன்."

"நான் போகலேன்னா?"

"அது உன் இஷ்டம். போனா நல்லதுன்னு மட்டும் சொல்லுவேன். உன் கால்ல வீக்கம் இருக்கு, எனக்குப் பயமா இருக்கு. பயமா இருக்குங்கறதை ஒளிக்கமாட்டேன்."

மிரண்டா தன் கணுக்காலைப் பார்த்தாள். காலுறை பதிந்த தடம் அப்படியே குழியாக இருந்தது. அதற்குள் உள்ளேயிருந்து ஃபிலோமினா கூப்பிட்டாள். பெண் கைபேசியைப் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் அஃப்ரீன் நிலையத்துக்குத் திரும்பி வந்தாள். ஜெனிவீவ் தேநீர் கலக்குகிற சாக்கில் சமையல் மேடைப் பக்கம் போய் நின்றாள். வாய் திறக்கும் முன்பே அஃப்ரீன் முந்திக்கொண்டாள்.

"கேக்காதீங்கக்கா. கேட்டா நான் சொல்லமாட்டேன், அப்புறம் ரெண்டு பேருக்கும் சங்கடம் லா."

"சீனி எவ்வளவுன்னுதான் கேக்க வந்தேன்."

"ரெண்டு கரண்டி."

அவ்வளவுதான். பதினெட்டு வருடம் யார் உடம்பில் என்ன என்று விரல்நுனியில் வைத்திருந்தவள், மூன்று மாடி கீழே இருக்கிற பிள்ளை தேறினாளா இல்லையா என்று தெரியாமல் இரண்டு வாரம் இருந்தாள். ஆர்னால்ட், "ஃபிலோகிட்ட நான் நைசாக் கேட்டுப் பாக்கவா?" என்றான். "கேட்டீங்கன்னா வீட்டுக்கு வராதீங்க" என்று சொல்லிவிட்டாள். பெரிய படிப்புப் படிக்கிறவர்கள் செய்கிற பெரிய வேலை என்றால் இதுதான், சும்மா இருப்பது. அது எல்லாராலும் ஆகிற காரியமில்லை.

மாதக் கடைசி ஜெபமாலை ஃபிலோமினா வீட்டில். கூப்பிடமாட்டாள் என்றுதான் ஜெனிவீவ் நினைத்தாள். ஆனால் முந்தின நாள் மின்தூக்கியில் ஃபிலோமினா, மாடி எண்களைப் பார்த்துக்கொண்டே, "நாளைக்கு ஏழு மணிக்கு. ஆர்னால்டையும் வரச் சொல்லு" என்றாள்.

கருத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. அல்போன்சம்மாளுக்குக் கண் அறுவை. யாருக்கோ வேலை. ஜெனிவீவின் முறை வந்ததும் கூடம் அடங்கியது. அல்போன்சம்மாள் காதைத் தீட்டிக்கொண்டு முன்னால் குனிந்தார்.

"என் கருத்து மாதாவுக்குத் தெரியும்" என்றாள் ஜெனிவீவ்.

"எதுக்குன்னு சொன்னாத்தானே எல்லாரும் வேண்ட முடியும்?" என்றார் அல்போன்சம்மாள்.

"வேண்டுங்க பாட்டி. மாதா புரிஞ்சுக்குவாங்க."

 சமையலறை வாசலிலிருந்து ஒரு சின்னக் குரல், "எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று ஆரம்பித்தது. மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள்.

ஜெபம் முடிந்து எல்லாரும் வடையும் தேநீருமாக இருக்கையில், ஜெனிவீவ் வாசல் பக்கம் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். மிரண்டா பக்கத்தில் வந்து சுவரில் சாய்ந்தாள். கையிலிருந்த கிண்ணத்தில் கஞ்சி, பாதி குடித்தது. ஃபிலோமினா தூரத்திலிருந்து பார்த்தாள், ஆனால் பக்கத்தில் வரவில்லை.

"அந்தச் செவ்வாய்க்கிழமை போனேன்" என்றாள் மிரண்டா. "இந்த வாரமும் போனேன். அம்மாவும் வந்தாங்க. அஃப்ரீன் அக்கா உங்களை விட ரொம்பப் பேசுறாங்க லா."

"நான் கேக்கலையே மிரண்டா."

"தெரியும்" என்றாள் அந்தப் பிள்ளை. "அதான் சொன்னேன்."