ஆர்கன் ஷாம்புவின் மேல் நான் போட்ட பழி

குளியலறையில் தண்ணீர் இறங்காமல் நின்றது. குனிந்து சல்லடையை வழித்தேன். கோழிமுட்டை அளவுக்கு ஒரு முடி உருண்டை கையோடு வந்தது. என்னுடையதாக இருக்காது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் தாராவியில் எங்கள் வீட்டில் பெண் நான் ஒருத்திதான். கணவர், இரண்டு மகன்கள், மூவர் தலையிலும் விரல் நீளத்துக்கு மேல் முடி கிடையாது.

உங்கள் சீப்பிலும் இப்படி வந்துகொண்டிருந்தால், நான் செய்த மடத்தனத்தை நீங்களாவது செய்யாதிருக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

சந்தேகம் எனக்குக் கூடப் பிறந்தது. செம்பூரில் ஒரு கூரியர் அலுவலகத்தில் பார்சல் வாங்கும் வேலை. பெட்டியின் மேல் 'புடவை' என்று எழுதியிருந்தால், தூக்கிப் பார்த்து 'ஊறுகாய்' என்று சொல்லிவிடுவேன். பெரும்பாலும் ஊறுகாயாகத்தான் இருக்கும். அதனால் முடி கொட்டியதும் 'ஏன்' என்று கேட்கவில்லை. 'யார்' என்றுதான் கேட்டேன்.

ஆள் கையருகிலேயே இருந்தாள். என் அண்ணன் மனைவி எஸ்தர், எங்களுக்கு மைனி. நாலு வீடு தள்ளி, தன் வீட்டு முன்னறையில் ஒற்றை நாற்காலி போட்டு பார்லர் நடத்துகிறாள். மழைக்காலத்தில் டெங்கு வந்து எழுந்த பிறகு என் முடி நார் மாதிரி வறண்டு கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு, தேன் நிறத்தில் ஒரு ஆர்கன் எண்ணெய் (மொராக்கோ நாட்டு மரக்கொட்டையில் எடுப்பது) ஷாம்புவைக் கையில் கொடுத்தாள். அதைப் போட ஆரம்பித்த மூன்றாவது வாரத்தில்தான் அந்த உருண்டை.

பாட்டிலின் பின்பக்கத்தை பூதக்கண்ணாடி வைத்துப் படித்தேன். எது அதிகமோ அதை முதலில் எழுதுவார்கள் என்பது தெரியும். முதலில் தண்ணீர். அடுத்து சோடியம் லாரெத் சல்ஃபேட் (நுரை வர வைத்து அழுக்கை எடுப்பது). பிறகு டைமெதிகோன் (முடிக்கு மேல் வழவழப்பாகப் படியும் சிலிகான்). அப்புறம் வாசனை. அந்த வாசனைக்கும் கீழே, கடைசிக்குச் சற்று முன்னால், ஆர்கன் எண்ணெய். முன்பக்கத்தில் பாட்டில் முழுக்கப் பெயர் போட்டிருந்தவர் உள்ளே சொட்டுக்கணக்கில்தான் இருக்கிறார். இதில் பொய் சொல்கிறவன் வேறெதில் சொல்லமாட்டான்? எனக்கு அது போதும்.

அன்றிலிருந்து உதிர்ந்த முடியைச் சேர்த்தேன். ஆபீஸ் பிளாஸ்டிக் உறைகளில் போட்டு, மேலே தேதியும் கிழமையும் எழுதி, பீரோவில் அடுக்கினேன். கணவர் ஒருநாள் துணி எடுக்கப் போய்ப் பதறிவிட்டார்.

"ஏட்டி, இது என்ன, மந்திரம் வைக்கப் போறியா?"

"சாட்சி. யாரும் நாளைக்கு இல்லன்னு சொல்லக் கூடாதுல்லா."

அவர் பீரோவை மூடிவிட்டுப் போனார். அவர் பேசாமல் போனதையும் நான் சந்தேகப்பட்டேன்.

அடுத்து நான் செய்ததுதான் பெரிய தப்பு. புதன்கிழமைதோறும் எங்கள் சாலில் (வரிசை வீடுகள்) பெண்கள் ஜெபக்கூட்டம் நடக்கும். கடைசியில் ஒவ்வொருவரும் ஜெபக் குறிப்பு சொல்வோம்: மகனுக்கு வேலை, மாமியாருக்கு முட்டுவலி, இப்படி. நேருக்கு நேர் சொன்னால் சண்டையாகிவிடும் விஷயத்தை ஜெபக் குறிப்பாகச் சொன்னால் யாரும் எதிர்த்துப் பேச முடியாது. இது எங்கள் எல்லோருக்கும் தெரியும், யாரும் ஒத்துக்கொள்ள மாட்டோம். என் முறை வந்தபோது தலைமுக்காட்டை விலக்கினேன்.

"நெருங்கிய சொந்தத்துல ஒருத்தர் குடுத்த ஷாம்புவால எனக்கு இந்தக் கதி. அவங்களுக்காகவும் ஜெபிச்சுக்கிடுங்க."

மைனி எனக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தாள். நான் பெயரைச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டேன்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரம் அவள் வீட்டு வாசலில் செருப்பு நிறைந்து கிடக்க வேண்டிய சமயம். அந்த வருடம் அவளுடைய ஒரு ஜோடி மட்டும் கிடந்தது. அதைப் பார்த்தும் எனக்கு மனசு இளகவில்லை. 'தப்பு செய்யாதவள் வந்து கேட்டிருப்பாளே, ஏன் கேட்கவில்லை' என்றுதான் நினைத்தேன்.

ஷாம்புவை நிறுத்திவிட்டேன். பதிலுக்கு, கூட வேலை பார்க்கும் பெண் சொன்னாள் என்று பயோட்டின் மாத்திரை (முடிக்கும் நகத்துக்கும் நல்லது என்று விற்கப்படும் வைட்டமின்) வாங்கி தினம் ஒன்று போட்டேன். ஷாம்புவைப் பூதக்கண்ணாடியில் பார்த்த நான் இந்த டப்பாவைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. வைட்டமின்தானே.

இரண்டாவது மகன் பிறந்ததிலிருந்து எனக்குத் தைராய்டு குறைவு (கழுத்தில் இருக்கும் சுரப்பி சோம்பிப் போவது). காலையில் ஒரு மாத்திரை உண்டு. ஜனவரியில் ரத்தப் பரிசோதனை செய்தபோது அறிக்கை தலைகீழாக வந்தது. தைராய்டு கூடிவிட்டதாம். பக்கத்து டாக்டர் மாத்திரையைப் பாதியாக்கினார். அவர் சொன்னபடியே நான் கேட்டேன். கேட்கக் கேட்க உடம்பு மோசமானது. ரயில் படியேற மூச்சு வாங்கியது. மதியம் கவுண்டரிலேயே கண் சொக்கியது. மும்பை வெயிலில் குளிர்ந்தது. முடி முன்னைவிட அதிகமாகக் கொட்டி, வகிடு இரண்டு விரல் அகலமானது. ஷாம்பு விஷம் வேர்வரை இறங்கிவிட்டது என்று முடிவு கட்டினேன்.

மாட்டுங்காவில் ஒரு தோல் டாக்டரம்மா இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். வயதானவர், அவசரப்படாதவர். "அடுத்த தடவை வரச்சே ஆத்துல நீங்க தலைக்கும் வாய்க்கும் போடறது எல்லாத்தையும் ஒரு பையில எடுத்துண்டு வாங்கோ" என்றார். நான் வழக்குக்குப் போகிறவள் மாதிரி போனேன். ஷாம்பு பாட்டில், முடி உறைகள், தைராய்டு மாத்திரை, எல்லாவற்றையும் மேசைமேல் வரிசையாக வைத்தேன். பயோட்டின் டப்பா பைக்குள்ளேயே அடியில் கிடந்தது.

அவர் சிரிக்கவில்லை. உறை ஒன்றைப் பிரித்து ஒரு முடியை வெளிச்சத்தில் பிடித்தார்.

"நுனியில வெள்ளையா குண்டூசித் தலை மாதிரி தெரியறதா? இது வேரோட வந்த முடி. ஷாம்பு கெடுத்தா முடி நடுவுல உடையும், இல்லேன்னா தலை அரிக்கும், சிவக்கும். அரிச்சதா?"

இல்லை என்றேன். சொல்லும்போதே எனக்கு எங்கோ இடறியது.

இது டீலோஜன் எஃப்ளூவியம் (பெரிய காய்ச்சலோ அதிர்ச்சியோ வந்தால் முடிகள் கூட்டமாக ஓய்வுக்குப் போய், இரண்டு மூன்று மாதம் கழித்து உதிர்வது) என்று விளக்கினார். ஆகஸ்டில் வந்த டெங்குவுக்கு நவம்பரில் முடி கொட்டியிருக்கிறது. ஷாம்பு அந்த நேரத்தில் வந்து மாட்டிக்கொண்டது.

நான் விடவில்லை. ஆர்கன் கடைசியில் இருப்பதைக் காட்டினேன்.

"அது வாஸ்தவம். ஆர்கன்ல வைட்டமின் ஈ இருக்கு, நல்ல கொழுப்பு இருக்கு. வறண்ட முடிமேல படிஞ்சா சிக்கு குறையும், உடையறது குறையும், பளபளப்பு வரும். இதுல இருக்கற அளவுக்கு அந்த வேலையைப் பாதிக்கு மேல சிலிகான்தான் பண்றது. வேருக்கு நல்லதும் பண்ணாது, கெட்டதும் பண்ணாது. செத்த முடியைச் சரி பண்ணும்னு முன்னாடி போட்டிருக்கான் பாருங்கோ, அதுதான் பொய். வேற என்ன சாப்பிடறேள்?"

"ஒண்ணுமில்ல" என்றேன். அவர் பையைத் தன் பக்கம் இழுத்து உள்ளே கையை விட்டார். டப்பா வந்தது.

"இதை ரத்தம் குடுக்கற அன்னிக்கும் போட்டேளா?"

அதிக அளவு பயோட்டின் ரத்தத்தில் இருந்தால், சில பரிசோதனை முறைகள் ஏமாந்து, தைராய்டு கூடியிருப்பதாகப் பொய் அறிக்கை தருமாம். ஒரு வாரம் நிறுத்தி, மறுபடி ரத்தம் கொடுத்தேன். தைராய்டு மிகவும் குறைந்திருந்தது. இரண்டு மாதமாக நான் பாதி மருந்தில் ஓடியிருக்கிறேன். அதற்குக் காரணம் நானே விழுங்கியது. பழைய அளவு மாத்திரை திரும்பியது. முடி பழையபடி வர மூன்று மாதமாவது ஆகும் என்றார் டாக்டரம்மா. நீங்கள் பயோட்டின் போடுகிறவராக இருந்தால், ரத்தம் கொடுக்கும் முன் டாக்டரிடம் தயவுசெய்து சொல்லுங்கள்.

உடம்பு தேறத் தேற வெட்கம் கூடியது. எனக்கு அழுகை வந்தது, ஆபீஸில், ரயிலில், எங்கு வேண்டுமானாலும். கடைசியில் ஒரு சனிக்கிழமை மைனி வீட்டுக்குப் போனேன். அவள் அந்த நாற்காலியில் தானே உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன்.

"நீ என் பேரச் சொல்லல கிரேஸ்" என்றாள். "ஆனா எல்லாரும் என்னையப் பாத்துத்தான் ஆமென் சொன்னாவ."

நான் கீழே கிடந்த பூண்டுத் தோலைப் பொறுக்கினேன்.

"நேர வந்து கேட்டிருந்தா பாட்டில ஒடச்சிப் போட்டிருப்பேன். நான் உன் தலையக் கெடுப்பனாட்டி?"

அடுத்த புதன்கிழமை கூட்டத்தில் எழுந்து நின்றேன். ஜெபக் குறிப்பு இல்லை என்றேன். எஸ்தர் மைனி என்று பெயரைச் சொன்னேன், டெங்குவைச் சொன்னேன், மாத்திரையைச் சொன்னேன், பொய் சொன்னது என் வாய் என்று சொன்னேன். யாரும் ஆமென் சொல்லவில்லை. ஒரு அக்கா தொண்டையைச் செருமினாள். பாட்டு ஆரம்பித்தது.

உடம்பு தாமதமாகத்தான் சேதி சொல்கிறது என்பது இப்போது தெரிகிறது. இன்று என் சீப்பில் வருவது மூன்று மாதத்துக்கு முந்தைய நான். இன்று போடும் மாத்திரைக்கு மழை தொடங்கும்போதுதான் பதில் கிடைக்கும். நடுவில் இருக்கிற நாட்களை எதன்மேல் சுமத்துவது என்று மனசு இன்னும் அலைகிறது. பிடித்து உட்கார வைக்கிறேன்.

சனிக்கிழமைகளில் மைனியிடம் தலை அலசப் போகிறேன். கதவைத் திறந்து வைக்கச் சொல்வேன், போகிறவர்கள் பார்க்கட்டும் என்று. போன வாரம் அவள் விரல் நெற்றியோரம் நின்றது.

"சின்னச் சின்னதா முளைக்குது, ஏட்டி."

"சும்மா சொல்லுதீயளா மைனி?"

அவள் கண்ணாடியைத் தூக்கிக் காட்டினாள். முளைத்துத்தான் இருந்தது. அந்தத் தைரியத்தில் கேட்டேன், என்னை மன்னித்துவிட்டாளா என்று.

அவள் என் தலையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். துண்டைப் பிழிந்தாள்.

"முடி வர மூணு மாசம் ஆவும்னு டாக்டரம்மா சொன்னாவல்லா" என்றாள். "எனக்கும் அவ்வளவு குடு."