வேண்டாம் டீச்சர்

நடத்தைப் பயிற்சி ஆசிரியை என்று சொன்னால், அடங்காதவர்களை அடக்குகிறவள் என்றுதான் இந்த ஊர் புரிந்துகொள்கிறது. தொண்ணூறுகளில் மயிலாப்பூருக்கும் தி. நகருக்கும் பஸ்ஸில் அலைந்து, ஆட்டிசம் உள்ள வயது வந்தவர்களுக்குப் பாடம் சொல்லித் திட்டு வாங்கிய என் சக அப்பாவிகளே, இது உங்களுக்குத்தான்.

சங்கம்

பயிற்சி நடத்த, பாண்டி பஜாருக்குப் பின்னால் ஒரு மாடி அறை காலியாக இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன். என்ன தொழில் என்றார் வீட்டுக்காரர். "ஆட்டிசம் உள்ளவங்களுக்குப் பயிற்சி" என்றேன். பல டாக்டர்களுக்கே அந்தச் சொல் பழகாத காலம். விளக்கலாம் என்று வாயைத் திறப்பதற்குள் அவர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார்.

"ஆட்டோ சங்கமெல்லாம் இங்க வேணாம்மா, வண்டியெல்லாம் கொண்டாந்து என் வாசல்ல நிறுத்திடுவாங்க!"

குழந்தை

மந்தைவெளியிலிருந்து ஜானகி மாமி போன் செய்தார். குழந்தை கையைக் கடித்துக்கொள்கிறானாம், உடனே வரவேண்டுமாம். மரக்கட்டைகள், மணி கோக்கும் பொம்மைகள் எல்லாவற்றையும் பையில் திணித்துக்கொண்டு போனேன். கதவைத் திறந்தது ஆறடி உயரமுள்ள ஓர் ஆள். பெயர் ரகு, வயது இருபத்தெட்டு. கடித்துக் கடித்து வலது மணிக்கட்டு புண்ணாகிக் காய்ப்புக் காய்த்திருந்தது. பொம்மைப் பையைச் செருப்போடு வாசலிலேயே விட்டேன். அன்றிலிருந்து எனக்கு அவர் ‘அவர்’தான்.

மாமியின் கணவர் உயிரோடு இல்லை. வீட்டில் எதையும் முடிவு செய்வது மாப்பிள்ளை, அடையாறில் இருக்கும் பேங்க் ஆபீசர். செங்கல்பட்டுக்கு அப்பால் ஒரு விடுதியில் ரகுவுக்கு இடம் கேட்டு வைத்திருந்தார். பொங்கல் கழிந்ததும் கொண்டுபோய் விட்டுவிடுவதாக ஏற்பாடு. அங்கே போனவர்கள் யாரும் வீடு திரும்பியதாகத் தெரியவில்லை என்று மாமி சொன்னபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மாமி கண்ணைத் துடைத்துக்கொண்டு மகனின் தாடையைத் தடவினார்.

"பாருங்கோ, குழந்தை இன்னிக்கும் ஷேவ் பண்ண விடமாட்டேங்கறான்."

உப்புமா

கடிப்பதை நிறுத்துவதற்கு முன்னால், எதற்காகக் கடிக்கிறார் என்று பார்க்க வேண்டும். எங்கள் தொழிலே அதுதான். சமையலறைப் பக்கம் உட்கார்ந்து பார்த்தேன். ரகு வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகும் மாமி இன்னொரு கரண்டி உப்புமா போடுவார். ரகு கையைக் கடிப்பார். மாமி பதறிப்போய்த் தட்டை எடுத்துவிடுவார். கடித்தால்தான் தட்டு போகிறது! பஸ் ஸ்டாப் பெயர்களை எல்லாம் வரிசையாகச் சொல்லும் மனிதருக்கு, ‘வேண்டாம்’ என்ற ஒரு சொல்லை மட்டும் யாரும் கொடுத்திருக்கவில்லை.

உள்ளங்கையை முன்னால் நீட்டி "வேண்டாம்" என்று சொல்லப் பழக்கினேன். சொன்ன அடுத்த நொடியே பொருளை எடுத்துவிட வேண்டும் என்று வீட்டுக்கும் சட்டம் போட்டேன். மார்கழிக்குள் மணிக்கட்டுப் புண் ஆற ஆரம்பித்தது. கூடவே சுரைக்காய்க் கூட்டு, எண்ணெய்க் குளியல், மாப்பிள்ளை கொடுத்த பழைய சட்டைகள் எல்லாமே வேண்டாமாகிவிட்டன.

"கையைக் கடிக்காம பண்ணுங்கோன்னா, என் சமையலுக்கே வேட்டு வெச்சுட்டேளே டீச்சர்!"

எதிர்க்கட்சி

அடையாறில் என் சீனியர் ஒருவர் வகுப்பு நடத்தினார். கைகட்டி உட்கார்ந்தால் சாக்லேட். தலை நரைக்க ஆரம்பித்த ஒருவர் கூடக் கைகட்டி உட்கார்ந்திருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. கைகட்டி உட்காருவதற்கு எந்தக் கம்பெனியில் வேலை தருகிறார்கள்? எவனாவது கையை ஓங்கினாலும் இவர் இப்படியே உட்கார்ந்திருப்பாரே, அதற்கும் நாம்தானே பொறுப்பு? முகத்துக்கு நேராகவே கேட்டேன். அந்த அம்மாள் டீயை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"பயிற்சி கொடுன்னா, நீ எதிர்க்கட்சித் தலைவரையில்ல தயார் பண்ணிக்கிட்டிருக்கே!"

புடவைக்கடை

தி. நகரில் ஒரு ஜவுளிக்கடை முதலாளியை விடாமல் நச்சரித்து ரகுவுக்கு வேலை வாங்கினேன். வாடிக்கையாளர்கள் பிரித்துப் போடும் புடவைகளை மடிக்கும் வேலை. கொஞ்ச நாள் கூட நின்று பழக்கினேன், பிடித்துக்கொண்டார். ஒரு மாலை ஓர் அம்மாள் கடையையே பிரித்துப் போட்டுவிட்டு, ரகு அப்போதுதான் மடித்து வைத்ததையும் பிரிக்கச் சொன்னார். ரகு கையை நீட்டி "வேண்டாம்" என்றார். அம்மாள் கத்த, முதலாளி ஓடி வந்தார். நான் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு சண்டைக்குத் தயாரானேன். நல்லவேளை, மனிதர் ரகுவை உள்ளே கிடங்குக்கு மாற்றியதோடு விட்டார். அங்கே பார்சல் கட்டிக்கொண்டிருந்த செல்வம் எழுந்து வந்து ரகுவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"இத்தினி வருசமா நாங்க மென்னு முழுங்கிக்கினு கீறத, நைனா ஒரே வார்த்தைல சொல்ட்டாரு பா!"

டாக்சி

பொங்கல் கழிந்ததும் மாப்பிள்ளை டாக்சியோடு வந்துவிட்டார். "இப்போ கடிக்கறதில்லையே" என்றேன். "இடம் கிடைச்சிருக்கு, விட்டாப் போயிடும். மாமிக்கு அப்புறம் இவனை யார் பார்த்துக்கறது?" என்றார். நியாயமான கேள்விதான். ஆனால் பதில் செங்கல்பட்டில் இல்லை. "வேலைக்குப் போறார், பஸ் ஏறத் தெரியும். மிச்சத்தையும் கத்துப்பார். முதல்ல அவரைக் கேளுங்க" என்றேன்.

"ரகு, அங்கே தோட்டம் இருக்கு, கேபிள் டி.வி. இருக்கு. போலாமா?" என்றார் மாப்பிள்ளை. ரகுவின் மணிக்கட்டு வாய்வரை போயிற்று. பிறகு அந்தக் கை திரும்பி, உள்ளங்கை முன்னால் வந்தது. "வேண்டாம்."

மாப்பிள்ளை சிரித்தார். "உப்புமாவுக்கும் இதைத்தான் சொல்றான். அர்த்தம் தெரிஞ்சா சொல்றான்?"

"ரகு, காபி?" என்றேன். "காபி வேணும்." "கடைக்கு?" "கடைக்குப் போணும்." "செங்கல்பட்டுக்கு?" உள்ளங்கை மறுபடி எழுந்தது. "வேண்டாம். வேண்டாம்."

மாப்பிள்ளை காதில் போட்டுக்கொள்ளாமல் ரகுவின் பெட்டியைத் தூக்கினார். மகள் கல்யாணம் ஆன நாளிலிருந்து அவர் பேச்சுக்கு மறுபேச்சு பேசாத மாமி, வாசற்படியை மறித்து நின்றார். மகனைப் போலவே உள்ளங்கையை முன்னால் நீட்டினார்.

"மாப்பிள்ளை, வேண்டாம்."

அடக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். இப்போது அந்த வீட்டில் அடங்கியிருப்பவர் மாப்பிள்ளை ஒருவர்தான்.