மிஷினின் பின்பக்கக் காற்று

என் கணவர் மன்னார்குடிக்குப் பக்கத்தில் ஒரு அரிசி ஆலையில் வேலை பார்த்தவர். தவிடு பிரியும் இடத்தில்தான் அவருக்கு எப்போதும் வேலை. சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது புருவமும் இமை மயிரும் வெளுத்திருக்கும். ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு வறட்டு இருமல் பிடித்துக்கொண்டது. மருந்துக்கடையில் வாங்கிக் குடித்த டானிக்குகளுக்கெல்லாம் அது அடங்கவில்லை. கடைசியில் தஞ்சாவூரில் நெஞ்சு டாக்டரிடம் காட்டினோம். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு, நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறது, இனி ஆலைப் பக்கமே போகக்கூடாது என்றார்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் அங்கன்வாடி வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் அவர் மட்டும்தான். சும்மா உட்கார்ந்திருக்க அவருக்குத் தெரியாது. சமையலில் பாதியைப் பார்த்துக்கொண்டார், துணி காயப்போட்டார், வீட்டையும் கூட்ட ஆரம்பித்தார். எங்கள் வீட்டுக்கு எதிரிலேயே நெல் கொள்முதல் நிலையம். அறுப்புக் காலத்தில் அங்கே நெல்லைக் கொட்டித் தூற்றுவார்கள். நெல்லின் அரிக்கும் சுணையும் தூசியும் எழும்பி நேராக எங்கள் கூடத்துக்குள் வரும். தலையணை உறைகூட நறநறக்கும். விளக்குமாற்றைத் தொட்டாலே அவருக்கு மூச்சு இழுத்தது.

இதை ஃபோனில் கேட்ட என் தம்பி, சிங்கப்பூரிலிருந்து லீவுக்கு வந்தபோது ஒரு வேக்குவம் கிளீனரைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“அத்தான், இனிமே நீங்க குனியவே வேணாம். நின்ன எடத்துலேருந்து இழுத்துடலாம்” என்று சொல்லி, அவனே ஓட்டியும் காட்டினான்.

பல மாதங்களாக நான் பார்க்காத சிரிப்பு அன்றைக்கு அவர் முகத்தில் இருந்தது. காலையும் மாலையும் கூடம், அறை, கட்டிலுக்கு அடியில் என்று எல்லா இடமும் ஓட்டினார். அதில் பை கிடையாது. கண்ணாடி மாதிரி ஒரு டப்பா, உள்ளே ஒரு ஸ்பான்ஜ், அவ்வளவுதான். டப்பா நிறைந்ததும் கொல்லைப்புறச் சுவரில் தட்டித் தட்டிக் கொட்டுவார். “பாத்தியா எவ்ளோ அழுக்கு!” என்று என்னிடமும் காட்டுவார். தரை பளிச்சென்று இருந்தது. இருமல் மட்டும் கூடிக்கொண்டே போனது. பனிக்காலம் என்று நினைத்துக்கொண்டோம்.

அடுத்த முறை போனபோது டாக்டர் கேட்டார்: “வீட்ட யாருங்க கூட்டுறது?”

“கூட்டுறதே இல்ல சார். மிஷின் வச்சிருக்கோம். நாந்தான் ஓட்டுறேன்” என்றார் இவர், கொஞ்சம் பெருமையாகவே.

என்ன மாதிரி ஃபில்டர் என்று டாக்டர் கேட்டார். எங்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஸ்பான்ஜும் துணியும் முடியையும் மணலையும்தான் பிடிக்கும், கண்ணுக்குத் தெரியாத தூசி அதைத் தாண்டிப் பின்பக்கம் வழியாகத் திரும்ப அறைக்குள்ளேயே வந்துவிடும் என்றார். கீழே கிடப்பதைவிட அப்படிப் பறப்பதுதான் நெஞ்சுக்குள் போகும். நுண்ணிய தூசியையும் பிடிக்கிற ஹெப்பா ஃபில்டர் போட்டதாக, காற்று வேறெங்கும் கசியாததாக, பை வைத்ததாக வாங்கச் சொன்னார். அதையும் இவர் ஓட்டக்கூடாது, இவர் வெளியே இருக்கும்போது நான் ஓட்ட வேண்டும். முடிந்தவரை ஈரத்துணியால் துடைப்பதே நல்லது என்றார்.

வீட்டுக்கு வந்ததும் இவர் ஒரு வெள்ளைத் துண்டை நனைத்துப் பிழிந்தார். மிஷினை ஓடவிட்டு, பின்னால் சூடான காற்று வரும் இடத்தில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. சற்று நேரம் கழித்துத் துண்டை விரித்தார். நடுவில் தவிட்டு நிறத்தில் ஒரு வட்டம்.

“மில்லுலயாவது மூஞ்சில துணி கட்டிக்கிட்டு நின்னேன்” என்றார். மிஷினை ஒயரோடு சுற்றிப் பரணில் ஏற்றினார். ஸ்டூலிலிருந்து இறங்கியதும் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். பிறகு, “மாப்ளகிட்ட சொல்லிடாத. ஆசையா வாங்கிட்டு வந்தான்” என்றார்.

டாக்டர் சொன்ன மாதிரியே வேறொன்று வாங்கினோம். வீடு உண்மையிலேயே மாறியது. வெயில் விழும் இடத்தில் மிதக்கும் தூசி குறைந்தது. அவருக்கும் ராத்திரி இருமல் கொஞ்சம் தணிந்தது. ஆனால் விழுந்த தழும்பு விழுந்ததுதான். மாடிப்படி முடியாமல் போயிற்று, பிறகு வாசல்வரை நடப்பதும்.

மறுபடி லீவுக்கு வந்த தம்பி புது மிஷினைப் பார்த்துவிட்டான். “பழசு என்னாச்சு அத்தான்?”

“மோட்டார் போயிடுச்சு மாப்ள. நல்லா ஒழைச்சிச்சு.”

“அடடா, சொல்லியிருந்தா வேற வாங்கிட்டு வந்திருப்பேனே.”

நான் காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். அடுப்பைப் பற்ற வைக்கக்கூட இல்லை, அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.

அந்த வருஷத்துச் சம்பா அறுப்பில் ஆக்சிஜன் மிஷின் வீட்டுக்கு வந்தது. ஜன்னல்களை அடைத்து இடுக்குகளில் துணி செருகினேன். வெளியே கொள்முதல் நிலையத்தில் லாரிகளும் ஆட்களும் சத்தமுமாக இருந்தது. உள்ளே பெட்டி மாதிரி ஒரு அறை, அதில் அவர். ஒரு நாள் காலையில் மூக்கிலிருந்த குழாயைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, “ஜன்னலத் தெற” என்றார்.

“தூத்திக்கிட்டிருக்காங்க. தூசி வருங்க.”

“வரட்டும். மூடி வச்சு என்னத்தக் கண்டோம்? வெளியில யாரு நிக்கிறாங்கன்னாவது பாக்குறேன்.”

திறந்தேன். சுணை வாடையோடு காற்று வந்தது. இருமினார். நான் சாத்தப் போனபோது கையைப் பிடித்து நிறுத்தினார். வெயில் ஏறும்வரை வெளியே பார்த்துக்கொண்டே இருந்தார். அந்த வாரமே போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து எல்லோரும் போன பிறகு அந்த அறைக்குள் நுழைந்தேன். கட்டில் சட்டத்தில் தூசி மெல்லிசாகப் படிந்திருந்தது. வாளியில் தண்ணீர் பிடித்து, அவருடைய பழைய வேட்டியில் ஒரு துண்டு கிழித்து நனைத்துத் துடைத்தேன். தண்ணீர் கலங்கியது. கொல்லையில் கொட்டிவிட்டு வந்து வேறு தண்ணீர் பிடித்தேன்.