ஏணியில் எந்தப் படி

வெள்ளைக்காரர் ஆண்ட நாளில், கம்யூனிஸ்டுகளை ஒடுக்க அவசரகாலம் போட்டிருந்தபோது, எங்கள் ரப்பர் தோட்டம் கம்பி வேலிக்குள் இருந்தது. லூனாஸ் பக்கம். காட்டோரம் இருந்த லயங்களை, நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளை, இடித்து, எல்லோரையும் ஆபீசுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து அடைத்தார்கள். ஒரே வாசல். அங்கே துப்பாக்கியோடு காவல். பால் வெட்டப் போகும்போது வாளியைக் கவிழ்த்துக் காட்ட வேண்டும். சோறு கொண்டுபோகக் கூடாது. காட்டில் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று சந்தேகம். அரிசியை வீட்டுக்கு வீடு அளந்துதான் கொடுத்தார்கள்.

நானும் வீட்டுக்காரரும் ரப்பர் மரத்தின் பட்டையை வெட்டிப் பால் எடுத்தோம். மாமனார் வேலையை விட்டிருந்தார். கண் பாதி போய்விட்டது.

அந்தச் சமயம் எங்கள் லயத்துக்குப் பின்னால், வேலிக்கு அடியில் ஓர் அரிசிப் பொட்டலம் கிடந்ததைக் காவல்காரர்கள் கண்டெடுத்தார்கள். வைத்தது யார் என்று தெரியவில்லை. அதற்கு முன்னாலேயே இதே சந்தேகத்தில் மேல் லயத்தில் ஒருவரைப் பிடித்துப் போய் இந்தியாவுக்குக் கப்பல் ஏற்றிவிட்டார்கள். பெண்டாட்டி பிள்ளை இங்கே, அவர் அங்கே. மாமனார் இந்த நாட்டுக்குக் கைப்பிள்ளையாக வந்தவர். அவரை அனுப்பினால் அங்கே பேர் சொல்லிக் கூப்பிட ஓர் ஆள் கிடையாது. எனக்கு அதே நினைப்பாக இருந்தது.

அப்போதுதான் ஒரு வெள்ளைக்காரம்மா வந்தார். வேலை ஓய்ந்த கிழவர் கிழவிகளின் மனசு நிறைவாக இருக்கிறதா, இல்லையா என்று கேட்டு எழுதப் போகிறார் என்று ஆபீசில் கணக்கு எழுதும் கிராணி சொன்னார். மொழி சொல்ல ஒருவர் கூட வந்திருந்தார். சுங்கைப் பட்டாணியில் துணிக்கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம் வீட்டுப் பிள்ளை. காவலுக்கு ஒரு போலீஸ் துரை.

பிள்ளைகளை விடும் ஆயாக்கொட்டகையில் எல்லோரையும் உட்கார வைத்தார்கள். நான் ரப்பர் பாலை ஸ்டோரில் ஊற்றிவிட்டு வந்து மாமனாருக்குப் பின்னால் நின்றேன்.

"மனசு எப்படி இருக்கு பாட்டி?" என்று கேட்டார் மொழி சொன்னவர்.

"வச்ச எடத்துல இருக்கு."

"நிறைவா இருக்கா?"

"ஏதோ ஓடுது தம்பி."

"ஓடுதுன்னா அத எப்படி எழுதறதுலா?"

"ஓடுதுன்னே எழுது. நின்னுபோனா வந்து மாத்திக்க."

கிழவிகள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். போலீஸ் துரை சிரிக்கவில்லை.

வெள்ளைக்காரம்மா ஒரு படத்தை எடுத்து விரித்தார். ஏணிப் படம். உச்சிப் படி என்றால் ரொம்ப நல்ல வாழ்க்கை, அடி என்றால் ரொம்ப மோசம், நீங்கள் எங்கே இருக்கிறீர்கள், கை வையுங்கள் என்றார்கள். முதலில் மாமனாரிடம் நீட்டினார்கள். அவர் படத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தார். ஏணிக்குக் கீழே, தரையில் விரலை வைத்தார்.

அடுத்தவரும் தரையில் வைத்தார். அதற்கடுத்த கிழவியும் அப்படியே. ஒருவர்கூட ஒரு படி ஏறவில்லை.

போலீஸ் துரை எழுந்து வந்து ஏதோ சொன்னார். மொழி சொன்னவர் முகம் மாறிவிட்டது. குரலைத் தாழ்த்தினார்.

"இவ்வளவு மனக்கசப்புல இருக்கிறவங்கதான் காட்டுக்கு அரிசி குடுப்பாங்கன்னு துரை சொல்றார். மொதல்ல கை வச்சவர ஆபீசுக்குக் கூட்டிட்டு வரணுமாம்."

வீட்டுக்காரர் அந்நேரம் ஸ்டோரில் இருந்தார். சொல்லி அனுப்ப ஆள் இல்லை. நானே மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். யாரும் தடுக்கவில்லை.

ஆபீசில் அவரை நிற்க வைத்தே மறுபடியும் படத்தைக் காட்டினார்கள்.

"தாத்தா, நிதானமா யோசிச்சு வைங்க."

"மாமா, மேல வைங்க," என்றேன் காதருகில்.

"மேலயா? ஒன் மாமியா மேல ஏறித்தானே போய்ச் சேர்ந்தா. நான் ஏறமாட்டேன்."

எனக்கு அப்போதுதான் விளங்கியது. மரம் கிழடாகி அடிப்பட்டை தீர்ந்துபோனால் ஏணி வைத்து மேலே வெட்டுவார்கள். பால் கண்ணில் சொட்டும். மழை பெய்தால் படி வழுக்கும். ஒருவருக்கு ஏணி நிரையை, அப்படி வெட்டும் மர வரிசையை, ஒதுக்கிவிட்டார்கள் என்றால் அந்த வீட்டில் அன்றைக்குப் பேச்சு இருக்காது. மாமியார் அப்படி விழுந்து முதுகு ஒடிந்து இறந்துபோனவர். தரையில் நின்று வெட்டுவதுதான் எங்களுக்கு நல்ல வேலை. என் நிரை இளமரம். அதனால் எனக்கே உடனே தோன்றவில்லை.

அதை மொழி சொன்னவரிடம் சொன்னேன்.  அவர் இங்கிலீஷில் சொன்னார். வெள்ளைக்காரம்மா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார்.

போலீஸ் துரை அசையவில்லை. ஏணியை விடு, வாயால் சொல்லட்டும் என்றார்.

"நல்லா இருக்கேன்னு சொல்லுங்க மாமா," என்றேன். அவர் என் பக்கம் திரும்பவில்லை.

"தம்பி, என் கூட்டாளி அடுத்த தோட்டத்துல செத்துப்போனான். வேலிய விட்டு வெளிய போகப் பாஸ் கேட்டு வாங்கறதுக்குள்ள தூக்கிட்டாங்க. மொகம் பாக்கல. ராத்திரி ஒன்னுக்குப் போனாலும் வெளக்கடிச்சுப் பாக்கறாங்க. இதுல எங்கேருந்து நெறைவு?"

மொழி சொன்னவர் சற்றுத் தயங்கினார். பிறகு சொன்னார். நீளமாகத்தான் சொன்னார், எதையும் விட்ட மாதிரித் தெரியவில்லை. 

"அரிசி குடுத்தீங்களான்னு கேக்கறார் தாத்தா."

"அளந்து குடுக்கறது எனக்கே பத்தல. இந்தப் புள்ள தன் தட்டுலேருந்து எடுத்து என் தட்டுல போடுறா. எனக்குக் கண் தெரியாதுன்னு நெனைக்கிறா. இதுல காட்டுக்கு எங்கே குடுக்க?"

அதையும் சொன்னார். போலீஸ் துரை என்னைப் பார்த்தார். கழுத்தெலும்பைப் பார்த்தார், கையைப் பார்த்தார். அப்படியா என்று கேட்டார். தலையாட்டினேன். 

 கிராணி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு போலீஸ் துரை எங்களைப் போகச் சொல்லிக் கையை வாசல் பக்கம் காட்டினார்.

மற்ற கிழவர்களையும் விட்டுவிட்டார்கள். அரிசி வைத்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை.

வெள்ளைக்காரம்மா அடுத்த தோட்டத்துக்குப் போனார். தரையில் விரல் வைத்தவரை ஆபீசுக்குக் கூட்டிப்போன சேதி அதற்கு முன்பே போய்விட்டது. அங்கே கிழவர் கிழவிகள் ஒருவர் பாக்கியில்லாமல் உச்சிப் படியில் விரல் வைத்தார்களாம். அரிசி குறைந்த வீடு, வேலை நின்ற வீடு, பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போன வீடு, எல்லோரும்.

நான் போய் மாமனாரிடம் சொன்னேன். கண்ணை மூடிப் படுத்திருந்தார்.

"நல்லது," என்றார். "அவங்களாவது ஆபீஸ் படி ஏறாம வீட்டுல இருக்கட்டும்."