அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்

தன்னை அறிய நெடுந்தூரம் நடக்க வேண்டும் என்று எங்கோ படித்தேன். கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸிலிருந்து கிள்ளான்வரை நடப்பதென்று முடிவெடுத்து, ஓய்வுபெற்ற அரசாங்க ஊழியனுக்கு உரிய முறையில் ஒரு கோப்பைத் திறந்தேன். வரைபடம், ஓய்விடங்கள், மருந்துப் பட்டியல், கழுத்தில் தொங்கவிட அவசரத் தகவல் அட்டை. எதிலும் குறையில்லை.

ஷா ஆலம் தாண்டுமுன் இரண்டு கால்களும் பிடித்துக்கொண்டன. பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்தவனால் எழ முடியவில்லை. பக்கத்தில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறு, விற்றுக்கொண்டிருந்த தமிழ்ப் பெண் வந்து, குனிந்து என் காலணியைக் கழற்றினார். தடுக்கக்கூடத் தெம்பில்லை.

“மூஞ்சியே வெளுத்துப் போச்சு அங்கிள். யாருக்குப் போன் பண்ணட்டும்?”

கழுத்திலிருந்த அட்டையைக் காட்டினேன். அதிலிருந்த எண்ணை அழுத்தினார். என் பையில் மணி அடித்தது.

“என்னா அங்கிள், உங்க நம்பரையே போட்டு வச்சிருக்கீங்க. வேற ஆள் இல்லையா?”

‘அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்’ என்ற கட்டம் காலியாக இருந்ததற்காக எத்தனையோ விண்ணப்பங்களைத் திருப்பி அனுப்பியவன் நான். மனைவி இறந்துவிட்டாள், மகன் மெல்பர்னில். காலியாக விட மனம் வராமல் என் எண்ணையே எழுதியிருந்தேன்.

அவர் தன் கணவரை அழைத்தார். “வேன எடுத்துக்கிட்டு சீக்கிரம் வாங்கலா. இங்க ஒரு அங்கிள் தனியா இருக்காரு.”

கால்வலியைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னைப் பற்றி இவ்வளவு சரியான அறிக்கையை நான் எழுதியதே இல்லை. அதில் திருத்த ஒன்றுமில்லாமல், வேன் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.