ஊதா என்று சாட்சி சொன்னது

உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் மெல்லிய கண்ணாடிக் குப்பி, குப்பிக்குள் ஏதோ திரவம். சந்தேகப்படும் தூளில் ஒரு சிட்டிகை பைக்குள் போட்டு, வாயை மூடி, விரலால் அழுத்திக் குப்பியை உடைத்துக் குலுக்க வேண்டும். நிறம் மாறும். அந்த நிறத்தை ஓர் அட்டையோடு ஒப்பிட்டால் அபினா, வேறு சரக்கா என்று நின்ற இடத்திலேயே தெரிந்துவிடும் என்றார்கள். சுனாமிக்கு முந்தைய வருடம், மாமல்லபுரத்தில் ஒரு சின்ன விடுதியின் மேசைமேல் அந்தப் பையைப் பார்த்தேன். போன வாரச் செய்தித்தாளில், பொட்டலத்தைப் பிரிக்காமலே ஒளியைப் பாய்ச்சிப் பொருளின் பெயரைத் திரையில் எழுதிக் காட்டும் புதுக் கருவியின் படம் வந்திருந்தது. படித்துவிட்டுத் தாளை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன். "அந்தப் பேப்பர் உங்களை என்ன பண்ணிச்சு?" என்று என் மனைவி கேட்டாள். எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

அப்போது நான் அந்தப் பக்கத்தில் கிராம நிர்வாக அலுவலர். போலீசுக்குச் சாட்சி வேண்டுமென்றால் முதலில் நினைவுக்கு வருவது வி.ஏ.ஓ.வும் தலையாரியும்தான். கடலோரம் பிணம் ஒதுங்கினாலும் கூப்பிடுவார்கள், லாரி கவிழ்ந்தாலும் கூப்பிடுவார்கள். கோர்ட் வாசலில் காத்துக் கிடக்கப் பொதுஜனம் எவருக்கும் பைத்தியமா பிடித்திருக்கிறது? நாங்கள் அரசாங்கச் சம்பளக்காரர்கள், மறுக்க முடியாது. சாட்சிகள் கண்டதாகச் சொல்லும் மகஜரை அவர்களே எழுதி வைத்திருப்பார்கள். நான் கையெழுத்துப் போடுவேன், எனக்குக் கீழே தலையாரி போடுவார். படித்துப் பார்த்துப் போட்டது பாதிகூட இருக்காது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். எனக்குச் சில நிறங்கள் தெரியாது. சிவப்பும் பச்சையும் ஒன்றாகிவிடும். ஊதா நீலமாகத் தெரியும். அடர்ந்த சிவப்பு கறுப்பில் கலந்துவிடும். பயிர்க் கணக்கு எடுக்கப் போனால் வயலில் கதிர் பச்சையா பழுப்பா என்று கண்டுபிடிக்கத் திண்டாடுவேன். சிவப்புச் சட்டை போட்ட ஒருவரை "பச்சைச் சட்டைக்காரரே" என்று கூப்பிட்ட அன்றே தலையாரிக்கு விஷயம் புரிந்துவிட்டது. என் வயதுக்காரர்தான். யாரிடமும் சொல்லவில்லை. நிறம் சம்பந்தமாக நான் தப்பாக எழுதப் போனால் பக்கத்தில் நின்று இருமுவார். நான் பேனாவை நிறுத்திவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பேன். எத்தனையோ வருடம் அந்த இருமலை நம்பித்தான் என் உத்தியோகம் நடந்தது.

அன்று காலை பத்து மணி இருக்கும். விடுதியில் தூள் விற்கிறார்கள் என்று தகவல் வந்ததாக சப்-இன்ஸ்பெக்டர் எங்களைக் கூப்பிட்டு அனுப்பியிருந்தார். நாலே அறைகள் கொண்ட விடுதி. வெள்ளைக்காரர்கள் வந்து தங்குவார்கள். நடத்தியவர் கோவளத்தில் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்ட ஓர் அம்மா, நாற்பது வயதுக்காரர். புருஷன் பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடமாகப் பின்கட்டில் படுக்கை. மேசை டிராயரில் சின்னச் சின்னப் பொட்டலங்கள், ஒவ்வொன்றிலும் வெள்ளைத் தூள். பழைய தினசரி காலண்டர் தாளில், தேதி வெளியே தெரியும்படி மடிக்கப்பட்டிருந்தன. "எங்க வூட்டுக்காரரோட மாத்திரைங்க சார்! முழுங்க முடியல அவரால. மாசத்துக்கும் சேத்து இடிச்சு மடிச்சு வெச்சிகினு, அன்னன்னிக்குத் தண்ணில கலக்கிக் குடுப்பேன். தேதி தவறக் கூடாதுன்னுதான் காலண்டர்ல மடிச்சேன்" என்று அந்த அம்மா பெண் போலீசின் கையை உதறிக்கொண்டு கத்தினார். "மாட்டினா எல்லாருக்கும் அது மாத்திரைதான்" என்றார் சப்-இன்ஸ்பெக்டர்.

பைக்குள் தூளைப் போட்டுக் குப்பியை உடைத்துக் குலுக்கினார். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு மெதுவாக இருண்டது. அவர் அட்டையைப் பார்த்தார், பையைப் பார்த்தார், அவசரத்தில் இருந்தார். "ஊதா. அபின் சரக்குதான். பார்த்தீங்கல்ல சார்?" என்றார். எனக்குத் தெரிந்தது இருட்டு மட்டும்தான். ஒரு மூச்சு விடும் நேரம் இருமலுக்காகக் காத்தேன். வரவில்லை. சரியாகத்தான் இருக்கும் என்று பேனாவை எடுத்துவிட்டேன். 'எங்கள் முன்னிலையில் ஊதா நிறமாக மாறியதைக் கண்டோம்' என்ற வரிக்குக் கீழே என் பெயர், அதற்குக் கீழே தலையாரியின் பெயர். அந்த அம்மா என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஜீப்பில் ஏற்றும்போது, "அவருக்குப் பன்னண்டு மணிக்குக் கஞ்சி குடுக்கணும், யாராச்சும் பாருங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

என் வண்டியின் பின்னால் உட்கார்ந்து வந்த தலையாரி பாதி வழியில் வாயைத் திறந்தார். "அது ஊதா இல்ல சார்."

வண்டியை நிறுத்தினேன். "பின்னே?"

"செவப்பு. குங்குமத்த தண்ணில கரைச்சா எப்டி இருக்கும், அப்டி."

"ஏன்யா இருமல?"

"நான் இருமறதுக்குள்ள நீ பேனாவ எடுத்துட்ட. நீயும் எஸ்.ஐ.யும் பேசி வெச்சிகினு செய்றாங்கன்னு நெனச்சேன். உனக்கு மேல நான் இன்னாத்த சொல்றது?"

அவர் எனக்காகக் காத்திருந்தார், நான் அவருக்காகக் காத்திருந்தேன். நடுவில் ஒரு பெண் ஜெயிலுக்குப் போய்விட்டார்.

அந்த வழக்கில் லேசில் ஜாமீன் கிடைக்காது. தூள் சென்னைக்குப் பரிசோதனைக்குப் போயிருந்தது. அறிக்கை வந்தால் எல்லாம் தானாகச் சரியாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டேனே தவிர ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. ஆபீசில் பதிவேட்டைத் திறப்பேன், மூடுவேன். வீட்டில் சாப்பிட்ட கையைக் கழுவாமல் எழுந்து நடப்பேன். நிறம் தெரியாதவன் இந்த வேலையில் இருக்கக் கூடாது என்று விதி ஒன்றும் எனக்குத் தெரிந்து கிடையாது. என் பயம் வேறு. காணாததைக் கண்டேன் என்று எழுதியிருக்கிறேன். அது வெளியே வந்தால் இதுவரை போட்ட கையெழுத்தையெல்லாம் தோண்டுவார்கள், வேலை போகும், என் மகளின் கல்யாணம் நிற்கும். அந்த வெட்கம் கெட்ட கணக்கை மனசுக்குள் எத்தனை முறை போட்டுப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது.

விடுதிப் பக்கம் போவதைத் தவிர்த்தேன். தலையாரி மட்டும் தினம் போய்விட்டு வந்து, கேட்காமலே சேதி சொல்வார். பக்கத்து வீட்டுக்காரர்கள் கஞ்சி கொடுக்கிறார்கள். என்ன மாத்திரை என்று அவர்களுக்குத் தெரியாது. டாக்டர் சீட்டு எங்கே இருக்கிறதென்று தெரிந்தவர் ஜெயிலில் இருக்கிறார். புருஷன் வாசலையே பார்த்துக்கொண்டு கிடக்கிறார். "ரெண்டு பேரும் போய் சொல்லிடலாம் சார். நீ சொன்னா நானும் சொல்றேன். உன் கையெழுத்துக்குக் கீழதான் என்னுது கீது" என்றார் ஒரு நாள். நாளைக்குப் போகலாம் என்றேன்.

உண்மையாகவே ஒரு நாள் போனேன், தனியாக. திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு பஸ். கோர்ட்டுக்கு எதிரே டீக்கடையில் ஒரு டீ குடித்தேன், இன்னொன்று குடித்தேன். கறுப்புக் கோட்டுகள் போவதும் வருவதுமாக இருந்தன. எவரிடம் போய் எப்படி ஆரம்பிப்பது? வாக்கியத்தை மனசுக்குள் அமைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு முறையும் அது என்னைக் காப்பாற்றும் வாக்கியமாகவே வந்து முடிந்தது. மூன்றாவது டீயைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பும் பஸ்ஸைப் பிடித்தேன். பஸ்ஸில் நிம்மதியாக இருந்தது என்பதை இப்போது எழுதக் கூசுகிறது.

அதற்கு அடுத்த வாரம் அந்த அம்மாவின் புருஷன் இறந்துபோனார். இரண்டாவது முறை வந்த பக்கவாதம் என்றார்கள். மருந்து நின்றதாலா, மனசு விட்டுப்போனதாலா, எனக்குத் தெரியாது. போலீஸ் காவலோடு அந்த அம்மாவை ஒரு மணி நேரம் கொண்டுவந்து காட்டினார்களாம். நான் போகவில்லை. தலையாரி போய்வந்தார். அன்றைக்கு என்னிடம் எந்தச் சேதியும் சொல்லவில்லை. அறிக்கை அதற்குப் பிறகு வந்தது. போதைப்பொருள் எதுவும் இல்லை, ஆஸ்பிரின் மாத்திரைத் தூள். வழக்கு அத்தோடு விழுந்தது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. என்னிடம் கேட்பார்கள் என்று பயந்து பயந்து செத்த கேள்வியை உலகத்தில் ஒருவரும் கேட்கவில்லை.

கேட்டவர் அந்த அம்மாதான். வாரிசுச் சான்றுக்கு விண்ணப்பத்தோடு ஒரு முற்பகல் ஆபீசுக்கு வந்தார். பாதியாக இளைத்திருந்தார். தலையாரி நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போய்விட்டார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சார். அன்னிக்கு அது இன்னா கலராச்சு? நான் நின்ன எடத்துலேர்ந்து தெரியல."

அறிக்கை வந்துவிட்டதே, இனி எதற்கு அதெல்லாம் என்று சொல்ல வாய்வரை வந்தது. வந்ததை விழுங்கினேன். "செவப்புன்னு பின்னாலதான் கேள்விப்பட்டேம்மா. எனக்குக் கலர் தெரியாது. தெரிஞ்ச மாதிரி கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றேன். மனைவிக்குக்கூட அதுவரை நான் சொல்லாத விஷயம் அது.

அவர் அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "தெரியலன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, இன்னொரு பை ஒடச்சுப் பாத்திருப்பாங்கல்ல?" என்றார். நான் தலையாட்டினேன். விண்ணப்பத்தை மேசையில் என் பக்கமாகத் தள்ளினார்.

"இதையாச்சும் படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுங்க சார்."

முதல் வரியிலிருந்து படித்தேன். இறந்தவர் பெயர், தகப்பன் பெயர், இறந்த தேதி, உயிரோடு இருக்கும் மனைவி, பிள்ளைகள் இல்லை. இறக்கும்போது மனைவி எங்கே இருந்தார் என்று அந்தப் படிவத்தில் ஒரு கேள்விகூட இல்லை. இருக்கிறதா என்று இரண்டு முறை திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.